நாலாவது கம்பிக்குக் கீழே

“நாலாவது கம்பிக்குக் கீழ சங்கீதம் கிடையாது. உருளைக்கிழங்குதான் கிடக்கு.”

இது இல்மோ ராய்ஹா அவர்கள் எங்கள் ஏரிக்கரை நடனக் கொட்டகையில், மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க அருளிய திருவாக்கு. அன்று எங்களுக்கு முன்னால் வாசித்த குவோபியோ நகரத்துக் குழுவின் ஆள் ஐந்து கம்பி பேஸ் கிட்டாரோடு மேடையேறியிருந்தார். அதைப் பார்த்து வயிறெரிந்து வந்த வாக்கு. வீட்டுக்கு வீடு தரைக்கடியில் உருளைக்கிழங்கு நிலவறை வைத்திருக்கும் ஜனங்கள் ஆகையால் எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. கை தட்டினார்கள். எங்கள் பக்கத்தில் கைதட்டல் என்பது வால்நட்சத்திரம் மாதிரி, பார்த்தவர்கள் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பெட்டி கட்டிப் போட்டது.

இல்மோ அவர்கள் குளிர்காலத்தில் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார், கோடையில் எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கிறார். இரண்டிலும் அவருடைய கொள்கை ஒன்றே: கனமாக, நிதானமாக, யாருக்கும் வழிவிடாமல். நான் அக்கார்டியன். அக்கார்டியன்காரன் ஏற்கெனவே போதுமான சத்தம் போடுகிறான் என்ற எண்ணத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. பாடுவது ஓர்வோக்கி. முப்பது வருஷமாக எங்கள் ஏரிக்கரை முழுவதையும் அழவைத்துக்கொண்டே ஆடவைத்தவள். எங்கள் டாங்கோ நடனப் பாட்டுகள் எல்லாமே சோகம்தான். ஆடுவதற்கென்றே தனியாக எழுதப்பட்ட சோகம்.

அறுபது தாண்டினால் குரல் கொஞ்சம் கீழே இறங்கும். பழைய வீட்டின் அஸ்திவாரம் இறங்குகிற மாதிரி, அதில் தப்பில்லை. சுருதியையும் கூடவே இறக்கிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் இல்மோவின் பேஸில் இருப்பது நாலே கம்பி, அதில் தடித்த கடைசிக் கம்பியைச் சும்மா மீட்டினால் மூன்று கட்டை. அதுதான் அவருடைய உலகத்தின் அடிவாரம். எங்கள் பாட்டுகளில் பாதி அந்தக் கம்பியின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்கலாம்தான். அப்படி வாசித்தால் ஆடுகிறவர்களின் கால் தரையில் பாவாது என்பது அவருடைய சித்தாந்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒத்திகையில் ஓர்வோக்கி ஒருமுறை கேட்டாள்.

“இல்மோ, அந்தக் கடைசி டாங்கோவை ஒரு கட்டை இறக்கிக்கலாமா?”

“எங்க இறக்கறது? என் கம்பி மூணு கட்டையோட முடியுது. அதுக்குக் கீழ...”

“உருளைக்கிழங்கு. தெரியும்.”

“நீ ஏறு ஓர்வோக்கி! உனக்கு மேல ஆகாசமே காலியா இருக்கே!”

அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். சேர்ந்து சிரித்துவிட்டவள் அதே விஷயத்தை மறுபடி கேட்க எங்கள் ஊரில் வழியில்லை.

இந்த வருஷம் பனி உருகின சமயத்தில் ஓர்வோக்கி வேனில் பேசுவதை நிறுத்தினாள். யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வேனின் வழக்கம் அப்படி. டிரம்ஸ் வாசிக்கும் யோர்மா கடைசியாக வாயைத் திறந்தது ஒரு காட்டுமான் குறுக்கே ஓடியபோது. அதுவும் “மான்” என்ற ஒற்றைச் சொல், மான் போன பிறகு. அப்படிப்பட்ட சபையில் ஒருத்தி வாரக்கணக்கில் வாயைத் திறக்காமல் வந்தால் யார் டாக்டரைக் கூப்பிடுவார்கள்? மாறாக இல்மோ அவளைப் பாராட்டினார்.

“இப்பல்லாம் நீ நல்ல சகவாசம், ஓர்வோக்கி. முன்ன மாதிரி தொணதொணப்பு இல்ல.”

ஓர்வோக்கி அவரைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இல்மோ அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்.

விஷயம் வெளிப்பட்டது நெடுஞ்சாலையோரத்துக் காப்பிக் கடையில். ஓர்வோக்கி ஏதோ கேட்டாள். கல்லாவில் இருந்த அம்மாள் குனிந்து காதைக் கொடுத்து, மூன்றாவது தடவையாக “என்னங்க?” என்றாள். பின்னால் தட்டோடு நின்ற இல்மோவுக்குப் பொறுக்கவில்லை.

“சத்தமாச் சொல்லேன்! சனிக்கிழமைக் கச்சேரியில மட்டுந்தான் வாயைத் திறக்கணும்னு சட்டமா?”

ஓர்வோக்கி திரும்பினாள். வந்த குரலைக் குரல் என்று சொல்ல முடியாது. உப்புத்தாளால் பலகையைத் தேய்க்கிற சத்தம்.

“ஆமா. சட்டந்தான். தொண்டை டாக்டர் போட்டது.”

“எந்த டாக்டர்? எப்ப?”

“பேசவே கூடாதுங்கறார். பாட்டையும் விடச் சொன்னார். நடுக்கோடைத் திருநாள் வரைக்கும்னு கெஞ்சி வாங்கிருக்கேன். அதோட சரி.”

“எதனால வந்துச்சாம்?”

“எட்டாத இடத்துக்கு எட்டி எட்டி.”

“அடிப்பாவி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேன். நீதான் ஆகாசம் காலியா இருக்குன்னே.”

அவ்வளவுதான். பட்டைத்தூள் போட்ட ரொட்டியை இல்மோ மீதி வைத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். ஊர் திரும்பும்வரை அவர் வேன் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். ‘நல்ல சகவாசம்’ என்று தான் பாராட்டியது நடுவழியில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திடீரென்று யாரோ கிள்ளினாற்போல் முனகினார். வேனை ஓட்டிக்கொண்டிருந்த யோர்மா மான் என்று நினைத்து பிரேக் போட்டுவிட்டான்.

குற்ற உணர்ச்சி எங்கள் ஊர் ஆண்பிள்ளையை என்ன செய்யும்? விறகு வெட்ட வைக்கும். மன்னிப்பு என்ற சொல் எங்களிடம் உண்டு. நடனத்தில் அடுத்தவர் காலை மிதித்தால் உபயோகிப்போம், அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே இல்மோ கோடரியோடு ஓர்வோக்கியின் கொல்லைக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல் வெள்ளைப் பட்டை பூர்ஜ மரத்துண்டுகளைப் பிளக்க ஆரம்பித்தார். அதற்கடுத்த நாளும் போனார். அடுத்த வாரமும். விறகடுக்கு சமையலறை ஜன்னலை எட்டியது, பிறகு ஜன்னலை மறைத்தது. தனியாக இருக்கும் பெண்பிள்ளை, மூன்று குளிர்காலம் எரித்தாலும் தீராது. கடைசியில் அவள் வெளியே வந்து, இருட்டிப்போன சமையலறையைக் காட்டி, இருந்த குரலில் சொன்னாள்:

“விறகு போதும் இல்மோ. தொண்டையில விறகு எரிக்க முடியாது.”

அன்று மாலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

“யுவாஸ்குலா வரைக்கும் போகணும். வர்றியா?”

“குவோபியோ கிட்டக்கத்தானே இருக்கு? எதுக்கு அவ்வளவு தூரம்?”

“குவோபியோவில கிட்டார் கடைக்காரன் என் வாக்கைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கான்.”

தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கெட்ட இடத்துக்குப் போகிறவர் மாதிரிதான் அவர் யுவாஸ்குலாவின் கிட்டார் கடைக்குள் நுழைந்தார். கடையைப் பார்த்துக்கொண்ட பெண் வில்யா, நகமெல்லாம் கறுப்பு மை. மெட்டல் என்கிற காதடைக்கும் சங்கீதக் குழு ஒன்றில் வாசிக்கிறாளாம்.

“அஞ்சு கம்பி பேஸ் வேணும். விலை கம்மியா. எனக்கில்ல, அண்ணன் பையனுக்கு.”

“பையன் என்ன வாசிப்பான்?”

“டாங்கோ.”

அவள் யோசித்தாள். “என்ன வயசு?”

“அறுபத்தி நாலு,” என்றேன் நான்.

வில்யா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்ல எதிர்காலம் உண்டு.

வீட்டில் விளக்கம் சொல்லாமல் செலவழிக்கக்கூடிய தொகை நானூறு யூரோ. அதற்குள் எது வரும் என்பதுதான் கேள்வி. முதலில் கைக்கு வந்தது வாதுமை நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. இல்மோ விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் அதைத் திரும்ப மாட்டினார். அடுத்தது கனமே இல்லை. ஆனால் கையை எடுத்தவுடன் கிட்டாரின் கழுத்து தரையை நோக்கிக் கவிழ்ந்தது, பிரசங்கத்தில் தூங்குகிறவர் தலை மாதிரி. மூன்று மணி நேரக் கச்சேரி முழுக்க அதை இடதுகையால் தாங்கிக்கொண்டு வாசிக்க முடியாது.

மூன்றாவது கௌரவமான மரநிறம், விலையும் அடக்கம். மேடையில் நாங்கள் போடும் சிவப்பு கோட்டுக்குப் பொருத்தமாக இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் நாலா ஐந்தா என்றே தெரியாது. இல்மோவின் முகம் மலர்ந்தது. ஆனால் மனுஷர் விஷயம் தெரிந்தவர். ஐந்தாவது கம்பியில், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் வரிகளில் ஐந்தாவதை அழுத்தி மீட்டினார். பிறகு நாலாவதைச் சும்மா மீட்டினார். இரண்டும் ஒரே ஸ்வரம், ஒரே மாதிரி கேட்க வேண்டும். நாலாவது பேசியது. ஐந்தாவது ஈரத்துணி காயும் கொடி மாதிரி தொய்ந்து கொழகொழத்தது.

“விலை கம்மியானதுல பாதி இப்படித்தான் இருக்கும்,” என்றாள் வில்யா. “கம்பி அஞ்சு இருக்கும், சத்தம் நாலுலதான். கொட்டகையில யாருக்கும் தெரியாது.”

அவருக்கு ஆசை இருந்தது. பார்த்துக்கொண்டுதானே நின்றேன். அந்த மரநிறத்தை இரண்டு தடவை தடவிக்கொடுத்தார்.

“அவளுக்குத் தெரியுமே,” என்றார் கடைசியில். “இதுதான் அவ நிக்கப்போற தரை. தொளதொளன்னு இருந்தா பயந்துட்டு மறுபடி மேல ஏறிடுவா.”

“அப்ப இதைப் பாருங்க.” வில்யா உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவந்தாள். நான் ஓரடி பின்வாங்கினேன். கன்னங்கறுப்பு, இரண்டு பக்கமும் கொம்பு, நடுவில் ரத்தச் சிவப்பில் தீ ஜுவாலை. “எங்க ஆளுங்களுக்குன்னு செஞ்சது. கழுத்து ஒரு அங்குலம் நீளம், அதனால கம்பி விறைப்பா நிக்கும். எங்களுக்குக் கீழ்ச்சத்தம் தெளிவா வேணும், இல்லாட்டி பாட்டு பூரா கூழாயிடும்.”

இல்மோ கழுத்தில் மாட்டிக்கொண்டார். சோதனையைச் செய்தார். நாலும் ஐந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் பேசின. பிறகு அந்தக் கடைசி டாங்கோவை இரண்டு கட்டையில் மெல்ல வாசித்தார். எதிர்ச்சுவரில் தொங்கிய கிட்டார்கள் எல்லாம் லேசாக முனகின.

“வேற நிறம் இல்லியா?”

“இருக்கு. ஊதா.”

“கொம்பு இல்லாம?”

“கொம்பு இல்லாம இந்தச் சத்தம் இந்த விலைக்கு வராது.”

இல்மோ கண்ணை மூடிக்கொண்டு பணத்தை நீட்டினார். வரும் வழியெல்லாம் பின்சீட்டில் அதன் மேல் போர்வை போர்த்தியிருந்தது.

கையில் கிடைத்ததோடு முடியவில்லை. கழுத்தில் மாட்டிக் குனிந்து பார்த்தால், நாற்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது மூன்று கட்டைக் கம்பி. இப்போது அந்த இடத்தில் வேறொன்று. விரல் பழக்கதோஷத்தில் அதன் மேல் விழ, பாட்டு பள்ளத்தில் விழும். மூன்று வாரம் வண்டிக்கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்தெழுந்தார். அந்த உறுமலைக் கேட்ட மனைவி, மீன் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியின் மோட்டார் போய்விட்டது என்று ஆளை வரவழைத்தாள். அவன் சோதித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனான்.

நடுக்கோடைத் திருநாள். மாலை வெயிலில் ஏரி பளபளக்க, கொட்டகையில் நிற்க இடமில்லை. ஓர்வோக்கி பிளாஸ்கில் கறுப்புத் திராட்சைச் சாற்றைச் சுடச்சுட வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கச்சேரி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆகையால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இல்மோ சிவப்பு கோட்டில், கொம்பு வைத்த கறுப்பு ஜந்துவோடு மேடையேறினார்.

“இல்மோ! யாரைக் குத்தப்போறே?” என்று தொத்திறைச்சிக் கடைப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

“அதுல எத்தனை கம்பி, எண்ணிச் சொல்லட்டுமா?” இது இன்னொருவன். கொட்டகையே சிரித்தது.

இல்மோவின் காது கோட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. என் பக்கம் சாய்ந்து, “கடைசி டாங்கோவை முதல்ல எடு. ரெண்டு கட்டையில,” என்றார்.

எடுத்தேன். ஓர்வோக்கி நிமிர்ந்தாள். இது தன் பழைய சுருதி இல்லை என்று அவளுக்கு முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள், இல்மோவைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள். கீழே அவர் தொட்ட சுரம் மேடைப் பலகை வழியாக எங்கள் செருப்பில் ஏறியது. அவள் எழுந்து மைக்கிடம் வந்தாள். வழக்கமாக எம்பிப் பிடிக்கும் இடத்தில் இந்தமுறை நடந்தே போனாள். குரலில் கரகரப்பு இருந்தது, ஆனால் உடையவில்லை. ஆடுகிறவர்கள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஜோடிக்கு இரண்டு பாட்டு என்ற முறைப்படி ஆடி, பெண்களை அவரவர் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த அழைப்புக்குத் தயாரானார்கள்.

இடைவேளையில் அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு இல்மோவிடம் குனிந்தாள்.

“எத்தனை இறக்கினே?”

“ஒண்ணு.”

“டாக்டர்கிட்ட மறுபடி ஒருதடவை கேட்டுப் பாக்கலாம்போல இருக்கு.” கொஞ்சம் சாற்றைக் குடித்தாள். “அடுத்தது இன்னும் ஒரு கட்டை இறங்குமா?”

இல்மோ ஐந்தாவது கம்பியில் விரலை இரண்டு ஃப்ரெட் கீழே நகர்த்தி வைத்தார்.

“இறங்கும்,” என்றார். “இடம் இருக்கு.”