இல்லாத அம்மை

என் மாமனார் பொய் சொல்லமாட்டார் என்று பூதப்பாண்டியில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் சொல்வார்கள். கோயில் காரியமோ வாய்க்கால் வழக்கோ, அவர் வாய் திறந்தால் அதோடு பேச்சு முடிந்தது. அந்த மனுஷர் பெரிதாகச் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதையும் வாயால் சொல்லாமல் வாசலில் கட்டித் தொங்கவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வெயில் ஏறின சமயம், ஊருக்குள் அம்மை வந்தது. எனக்குத் தலைப்பிள்ளை, ஏழாம் மாதம். பத்மநாபபுரத்திலிருந்து என் அம்மா என்னை அழைத்துப்போக வண்டியோடு வந்தாள். அம்மன் ஊருக்குள் இருக்கும்போது வீட்டுப் பெண் எல்லை தாண்டக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். அம்மா கொண்டுவந்த பலகாரம் மட்டும் உள்ளே வந்தது, அவள் திரும்பிப் போனாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு அப்பா முகத்தைப் பார்க்காமல் கொட்டாவிகூட வராது.

ஒன்பதாம் மாதம் அம்மை குத்துகிற சர்க்கார் உத்தியோகஸ்தர் தெருத்தெருவாக வந்தார். ஊசி குத்தினால் அம்மனுக்குக் கோபம் வரும் என்பது மாமனார் கட்சி. ஆனால் சர்க்காரோடு மல்லுக்கு நிற்கவும் தைரியம் கிடையாது. அம்மை கண்ட வீட்டுப் படியை அந்த உத்தியோகஸ்தர் மிதிப்பதில்லை என்று தெரிந்துகொண்டார். காலையிலேயே ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துவந்து நிலைப்படியில் கட்டினார். எங்கள் வீட்டில் ஒருத்தர் உடம்பிலும் ஒரு முத்துகூடக் கிடையாது. உத்தியோகஸ்தர் குடையும் பையுமாக வந்தார், வேப்பிலையைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். மாமனாருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

கட்டினதை உடனே அவிழ்க்க முடியுமா? ஊர் என்ன நினைக்கும்? அதனால் இல்லாத அம்மைக்கு நாங்கள் எல்லோரும் பத்தியம் இருந்தோம். தாளிப்பு வாசம் தெருவுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கடுகு டப்பாவை மாமியார் பூட்டி வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி தூரத்தில் நின்று, "யாருக்குக் கண்டிருக்கு?" என்று விசாரிப்பாள். மாமனார் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார். அதுவும் பொய்க் கணக்கில் வராதாம்.

நாலாம் நாள் விடிந்ததும் எனக்கு வலி கண்டது. பிள்ளை தலைகீழாக வராமல் குறுக்கே கிடப்பது போல எனக்கே தெரிந்தது. மருத்துவச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயா, நான் உள்ள கேறினா நாளைக்கு வேற வீட்டுல என்னைச் சேப்பாவளா? இன்னும் அஞ்சு பேரு வயித்துல பிள்ளையோட இருக்காவ."

அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. 'வீட்டில் அம்மை கிடையாது, வா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அம்மை நேத்தே இறங்கிட்டு."

"அப்ப மூணு தண்ணி விட்டாச்சா?"

அம்மை இறங்கினால் வேப்பிலை போட்ட தண்ணீரில் மூன்று முறை குளிப்பாட்டின பிறகுதான் வெளியாள் உள்ளே வரலாம். மாமனார் அதை யோசிக்கவில்லை. நிலைப்படியில் வேப்பிலை தொங்கும்போது விட்டாச்சு என்று சொல்லவும் முடியாது. "இன்னும் விடல்ல" என்றார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை வந்தது, எனக்குத்தான் யாரும் வரவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கூப்பிட்டார்கள். வண்டிக்காரன் தெருமுனையிலேயே மாட்டைத் திருப்பிவிட்டான்.

உச்சிவெயில் வரை மருத்துவச்சி தெருவில் நின்றபடியே வைத்தியம் பார்த்தாள். அவள் கத்துவாள், மாமியார் உள்ளே வந்து சொல்வாள், நான் கத்துவேன். ஒரு கட்டத்தில் என் குரல் மாறிவிட்டதாம். மருத்துவச்சி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாறது வரட்டும்" என்று உள்ளே வந்துவிட்டாள். அம்மை இருக்கிறது என்று நம்பித்தான் வந்தாள். அந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று சொன்னால் அன்றைக்கு அவள் ஒருத்திதான்.

உள்ளே வந்தவள் சுற்றிப் பார்த்தாள். "அம்மை கண்ட ஆளு எங்க?" என்று கேட்டாள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பினாள். கால் முதலில் வந்தது. தலை வருவதற்குள் பிள்ளை போய்விட்டான். நான் பிழைத்ததே அவள் கைப்பலன்.

அவனைக் கழுவி என் பக்கத்தில் கிடத்தினாள். பால்நிற உடம்பு, ஒரு புள்ளி கிடையாது. வெளியே மாமனார் துக்கம் கேட்க வந்தவர்களிடம், "அம்மன் கொண்டுபோயிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு கதவோரம் வந்து நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அழாத மக்கா. அம்மை கொண்டுபோன பிள்ளைக்கு அழப்பிடாது. அவளுக்குக் கோவம் வரும்."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். அம்மையில் போன பிள்ளைக்கு எங்கள் ஊரில் ஒரு தாயும் வாய்விட்டு அழமாட்டாள். தெருவில் அத்தனை பேரும் அதற்குத்தான் அமைதியாக நின்றார்கள்.

நான் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி அழுதேன்.