வாட்ச் நல்லாத்தான் இருக்கு

அந்த வாட்சை என் கணவர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியபோது எனக்கு ஏழாம் மாதம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நான் நிஜமாகவே நடக்கிறேனா, நடந்ததாகக் கதை விடுகிறேனா என்று அங்கிருந்தே கண்டுபிடிக்க அவர் செய்த ஏற்பாடு அது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவனைப் பார்வையாலேயே பிடிக்கிற எனக்கே ஒரு சூப்பர்வைசரா என்று கேட்டேன். எத்தனை அடி நடந்தேன், நெஞ்சு எவ்வளவு வேகமாக அடித்தது, எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று எல்லாவற்றையும் அது போனில் போட்டுக்கொடுத்துவிடும்.

காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. விசாரித்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "நார்மலா?" என்றுதான். "நார்மல்தான், நார்மல்தான்" என்று அம்மா ஊர் முழுக்கச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யாரும் வேறு எதையும் கேட்கவில்லை.

கோட்டையூரில் அம்மா வீட்டுக்கு வந்தோம். அப்பா இறந்த பிறகு அங்கே அம்மாவும் என் தங்கையும் மட்டும்தான். அம்மாவும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வதில் படித்த வீடு, படிக்காத வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. எனக்குப் பச்சை உடம்பு. பச்சை உடம்பில் குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது, காற்று படக்கூடாது, போனைப் பார்த்தால் கண் கெட்டுப்போகும். என் போன் அலமாரிக்குப் போனது. வாட்சை மட்டும் தங்கையின் போனோடு சேர்த்துவிட்டார்கள். என் உடம்பு என்ன செய்கிறது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

தெரிந்ததா என்றால், தெரிந்தது. தங்கை தினமும் காலையில் போனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். ஒரு நாள் தூக்கம் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கும். மறுநாள் அதுவும் இருக்காது.

"அக்கா, நீ ராத்திரி தூங்குனியா இல்லையா?"

"நல்லாத் தூங்குனேனே."

நான் பொய் சொல்லவில்லை. தூங்கி எழுந்தவளைப் போல அவ்வளவு தெளிவாக இருந்தேன். தூக்கம் எனக்குத் தேவையே இல்லை என்று தோன்றியது. குழந்தையின் துணிகளைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டேன். அடுக்களை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து உயர வரிசைப்படி அடுக்கினேன். பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தப் பாட்டை உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தேன்.

பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா? பம்பரமால்ல சுத்துறா! நல்லா வளத்துருக்கீக டீச்சர்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா என்னை அதட்டிப் படுக்கச் சொல்வாள். அந்த அதட்டலிலேயே ஒரு பெருமை இருக்கும். கண் பட்டுவிடும் என்று நெற்றியில் சிலுவை போட்டு விடுவாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருந்தால் உடனே ஏதாவது செய்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே வீட்டு வேலை பார்க்கிற பெண்ணுக்கு நோய் இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்?

ஆகவே வாட்சுக்குத்தான் நோய் என்று முடிவானது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் ஆடுகிறவளை விட்டுவிட்டுக் கூடத்தை அளந்துகொண்டிருந்தோம். தங்கை அதை என் கையிலிருந்து கழற்றி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தாள். திரும்ப வாங்கி வந்த அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில், கடைக்காரப் பையன் சொன்னதை அவனைப் போலவே கழுத்தைச் சாய்த்துச் சொல்லிக்காட்டினாள்.

"நானே ரெண்டு நாளு கையில கட்டிப் பாத்தேன்க்கா. வாட்ச்சு நல்லாத்தான் இருக்கு. கட்டியிருந்தவுக தூங்குறாகளான்னு கேளுங்க!"

எல்லோரும் சிரித்தோம். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சத்தமாகச் சிரித்தது நான்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. சொல்ல வேண்டியதை ஒருவன் சொல்லி அனுப்பியிருந்தான். அதை நாங்கள் சோற்றோடு சேர்த்துத் தின்றுவிட்டோம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குழந்தைக்கு ஞானஸ்நானம். தங்கைதான் ஞானத்தாய். வெள்ளைக் கவுன் போட்ட குழந்தையைத் தொட்டியின் மேல் அவள் ஏந்திப் பிடித்திருந்தாள். சாமியார் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டார். அந்தத் தண்ணீரிலிருந்து ஆவி வந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். வரவில்லை என்று மற்றவர்கள் சொல்வதை இப்போது நம்புகிறேன், ஆனால் கண்டது கண்டதுதான். "கொதிக்கிது! பிள்ளை மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தப் போறாக!" என்று கத்திக்கொண்டு குழந்தையைப் பறித்து, கோவில் வாசலைத் தாண்டி வெயிலில் ஓடினேன். பின்னால் ஓடி வந்தவர்களில் என் அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒருத்தி அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன்.

ஏதோ அண்டியிருக்கிறது, ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தங்கை யாரையும் கேட்காமல் கார் பிடித்து என்னை மதுரைக்குக் கொண்டுபோனாள். அவள் மட்டும் அன்றைக்கு அதைச் செய்யாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அங்கே பார்த்த மனநல டாக்டர் ஒரு பெண். அவர் முதலில் கேட்டது சாமியைப் பற்றியோ பேயைப் பற்றியோ இல்லை.

"எத்தனை நாளா இவங்க தூங்கலை?"

"தூங்குறேன்னுதான் சொன்னா" என்றாள் அம்மா. தங்கை போனை எடுத்து நீட்டினாள். டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து, வாட்ச் கடைக்குப் போன நாள் வரைக்கும் எல்லாம் அதில் இருந்தது.

"இதை டாக்டர் யார்கிட்டயும் காட்டலையா?"

"வாட்ச் ரிப்பேர்னு நெனச்சுட்டோம்மா" என்றாள் என் அம்மா. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை அதட்டிய குரல் அது. அன்றைக்கு அந்தக் குரல் பக்கத்தில் நின்ற தனக்கே சரியாகக் கேட்கவில்லை என்று தங்கை பின்னால் சொன்னாள்.

என்னை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். தைராய்டு, சர்க்கரை, உப்பு, கிருமி என்று ரத்தத்தில் எதையெல்லாமோ பார்த்தார்கள். தலை தெளிந்த பிறகு, கணக்கு டீச்சரின் புத்தி, அந்த ரிசல்ட்டை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். எந்த எண் என்னை இப்படிச் செய்தது என்று தெரிந்தாக வேண்டும். எல்லாம் நார்மல். மறுபடியும் அந்த வார்த்தை!

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிள்ளை பிறந்ததும் ஹார்மோன்கள் எல்லாத் தாய்க்கும் மடமடவென்று இறங்கும். பெரும்பாலானவர்களின் உடம்பு அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும், சிலரின் உடம்பு தாண்டுவதில்லை. யாருடையது தாண்டாது என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒரு குறி ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் என்று கையை வைத்துச் சொல்கிற மாதிரி இன்னும் கிடைக்கவில்லை. "அது கிடைக்கிற வரைக்கும் தூக்கத்தைத்தான் பாக்கணும். குழந்தை தூங்கும்போதுகூடத் தாய் தூங்கலைன்னா, அவங்க சிரிச்சுக்கிட்டு இருந்தாலும் கூட்டிட்டு வந்துரணும்" என்றார். ஆராய்ச்சிக்கு என் ரத்தத்தில் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டார். எவளாவது ஒருத்திக்காவது முன்னாலேயே தெரியட்டும் என்று கையை நீட்டினேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, இப்போதும் வருகிறது. கர்ப்பமாக இருந்தபோது மாதா மாதம் எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். குழந்தை வெளியே வந்த பிறகு எல்லோரும் குழந்தையைத்தான் நிறுத்துப் பார்த்தார்கள். என்னை அளந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அதையும் பழுது பார்க்கக் கொண்டுபோய்விட்டார்கள்.

சில மாதங்கள் மதுரையிலேயே தங்கி நான் குணமானேன். கணவர் லீவு போட்டு வந்து உடன் இருந்தார். ஆனால் மருந்தின் காரணமாகப் பால் நிறுத்தப்பட்டது. குழந்தை கோட்டையூரில் தங்கையின் மடியில் புட்டிப்பாலோடு வளர்ந்தாள். நான் திரும்பி வந்து கையை நீட்டியபோது, என்னைப் புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தங்கை அவள் முகத்தைத் திருப்பி, "அங்குட்டுப் பாரு தங்கம், அந்தா இருக்கா பாரு அம்மா" என்று காட்டிக்கொண்டே இருந்தாள். என் மகள் முதன்முதலில் 'ம்மா' என்றது அவளைத்தான். தங்கை பதறிப்போய் என்னைப் பார்த்தாள். நான் சிரித்து வைத்தேன். தனக்கு வந்த வரனைக்கூடக் குழந்தைக்காக ஒரு வருடம் தள்ளிப்போட்டவள் அவள். அவள் மேல் எப்படிப் பொறாமைப்படுவது? பட்டேன். அதுதான் உண்மை.

மகள் முதலில் குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை. முதல் சிரிப்பைப் பார்த்தேனாம். போட்டோ இருக்கிறது. அதில் நானும் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. அந்தப் போட்டோவில் இருப்பவளிடமிருந்து என் மகளின் சிரிப்பைத் திரும்ப வாங்க முடியாது.

இப்போது மகளுக்கு ஐந்து வயது. தங்கை கல்யாணமாகி காரைக்குடிக்குப் போய்விட்டாள். போகும்போது அந்த வாட்சை என் கையில் கட்டிவிட்டு, மகளிடம் ஒரு வேலையையும் கொடுத்துவிட்டுப் போனாள். விளையாட்டாகத்தான் கொடுத்தாள். காலையில் எழுந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டு, "அம்மா ஏழு தூங்குச்சு" என்று சித்திக்குப் போனில் சொல்ல வேண்டும். எண்களை நான்தான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். புளியங்கொட்டை, சோழி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவற்றுக்கு வேலையே வரவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று என் தூக்கத்தை வைத்தே அவள் எண்களைப் படித்துக்கொண்டாள்.

போன மாதம் ஒரு நாள் இரவெல்லாம் கரண்ட் இல்லை. புழுக்கத்தில் புரண்டுகொண்டே கிடந்தேன், வேறொன்றும் இல்லை. காலையில் அவள் வந்தாள்.

"அம்மா, கையக் காட்டு." திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூணு" என்றாள்.

"அது வாட்ச் ரிப்பேரு, தங்கம்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. நாக்கு நுனியிலேயே காத்திருந்ததுபோல் வந்துவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, அம்மா சொன்னால் நம்ப வேண்டிய வயது. அவள் நம்பவில்லை. மேசை மேல் இருந்த என் போனை எடுத்து, சித்தியின் படத்தை அழுத்தினாள்.

"சித்தி, அம்மா நேத்து தூங்கல."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மகள் என் மணிக்கட்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இல்ல சித்தி. வாட்ச்சு நல்லாத்தான் இருக்கு."