தலைச்சுற்றும் தனிவீடும்

நிலாவெளியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பஸ்ஸில்தான் அது முதன்முதல் வந்தது. யன்னலோரம் இருந்தேன். வெளியே நின்ற பனைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. பிறகு பஸ்ஸே சரிவதுபோல இருந்தது. முன்சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தும் சுற்று நிற்கவில்லை. பாதி வழியில் இறங்கி, ஒரு ஹோட்டல் மதிலோரம் குந்தியிருந்து சத்தி எடுத்தேன். கொண்டக்டர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு விசிலடித்தார், பஸ் போய்விட்டது. படிப்பித்த பிள்ளைகள் ஆரும் இந்தக் கோலத்தில் கண்டுவிடக் கூடாதே என்று, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஆனால் பிறகும் வந்தது. காலையில் எழும்பினால் கூரை சுற்றும். தாளிக்கிற மணத்துக்கு ஓங்காளிக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் என் எழுத்தே ஆடும். எனக்கு அப்போது ஐம்பது நடந்துகொண்டிருந்தது. மாதவிடாய் சில மாதம் வராமல் இருந்து, நினையாத நேரத்தில் வந்துபோகும். இந்த வயதில் உடம்பு கொதிக்கும், வேர்க்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தலை சுற்றும் என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒருநாள் இடைவேளைக்கு, ஆசிரியர் அறையில், புளிப்பு மணம் குமட்டலை அடக்கும் என்று தேசிக்காய் ஒன்றைக் கீறி மணந்துகொண்டிருந்தேன். வயதில் இளைய ரீச்சர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்:

"நீங்கள் கலியாணம் முடிச்சிருந்தால் நாங்கள் வேற மாதிரி நினைச்சிருப்பம் மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுக்க அந்த வார்த்தை என்னோடேயே திரிந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குத் தேசிக்காய் கொண்டுபோவதை விட்டுவிட்டேன். குமட்டினால் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

ஓர்ஸ் ஹில்லில் நான் இருப்பது அப்பா கட்டிய வீடு. அம்மாவும் போன பிறகு அதில் நான் மட்டும்தான். ஒரு சனிக்கிழமை காலை, குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது குனிந்து தேங்காயை எடுத்தேன். நிமிர ஏலவில்லை. சுவரைப் பிடிக்கப் போன கை வெறும் காற்றைத்தான் பிடித்தது. நிலத்தில் விழுந்து கிடந்தேன். கண்ணைத் திறந்தால் எல்லாம் சுற்றியது, மூடினால் நானே சுற்றினேன். கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. காஸ் மணம் வந்தது. தவழ்ந்து போய்ச் சிலிண்டரைப் பூட்டினேன். பிறகு அங்கேயே, ஈரத்தில், சுவரில் சாய்ந்தபடி இருந்தேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. ஒழுங்கையில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஒரு பெண் டொக்டரிடம் போனேன். பிரசர் பார்த்தார், இரத்தம் சோதிக்கச் சொன்னார், காதையும் பார்த்தார். ஒன்றிலும் குறையில்லை. மாதவிடாய் நிற்கிற காலத்தில் சிலருக்கு இப்படியும் வரும் என்றார். எழும்பும்போது முதலில் கட்டிலில் கொஞ்சநேரம் இருக்கவேண்டும், வயிற்றைக் காயவிடக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், கூடினால் உடனே வரவேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னார். கடைசியில், வீட்டில் ஆர் இருக்கினம் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

கனடாவில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். பனி, மழை, மீன் விலை, பேரப்பிள்ளைகள், இவைதான் எங்கள் கதை. அந்த ஞாயிறு நான் துணிந்து கேட்டேன், உனக்கு மாதவிடாய் நிற்கிற நேரம் தலை சுற்றினதோ என்று. இத்தனை வயதுக்கும் நாங்கள் அப்படியொன்றைப் பேசியதில்லை.

"ஓம்," என்றாள் அக்கா. "பாத்றூம் நிலத்தில இருந்திருக்கிறன். அத்தான் வேலைக்குப் போனாப்பிறகு, பின்னேரம் வரைக்கும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு பஸ் ஏறச் சொன்னாள். அம்மாவுக்கும் இப்படி இருந்திருக்குமோ என்று கேட்டேன். தெரியாது என்றாள். அம்மா எங்களிடம் ஒருநாளும் இதைக் கதைத்ததில்லை.

இஞ்சியோடு பஸ் ஏறினேன். ரோட்டை நேரே பார்க்கும்படி முன்சீற்றில் இருந்தேன். சில நாள் உதவியது, சில நாள் இறங்கத்தான் வேண்டியிருந்தது. மெல்ல மெல்லக் குறைந்தது. மாதவிடாயும் ஒரு வருசமாக எட்டிப் பார்க்கவில்லை. இனி வராது என்று டொக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து, அலுமாரியின் அடித்தட்டில் அதற்கென்று மடித்து வைத்திருந்த தீட்டுத் துணிகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். பிள்ளை பெறாத உடம்புக்கு இதில் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். ஆனாலும் கண் கலங்கியது.

அக்காவுக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது, ஆனால் கனடாவில் அப்போது விடிந்திருக்காது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, திருத்தக் கிடந்த கொப்பிகளை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.