கொழுந்து மடுவத்தில் ஒரு ரகசிய ஆலோசனை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புச் செல்வி அக்காவுக்கு இன்று போனில் இலவசச் சட்ட ஆலோசனை. மலையில் கொழுந்து பறிக்கும்போது வேலையை மேற்பார்க்கும் கங்காணி கையைப் பிடித்து இழுக்கிறான் என்பது முறைப்பாடு. ஆலோசனைக்கான செயலியைப் போனில் இறக்கிக் கொடுத்தது நான்தான்.

கொழும்புப் பெண் வக்கீல் ஒதுக்கிய நேரம் பகல் பன்னிரண்டு. எங்கள் டிவிஷனில் சிக்னல் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் மட்டும். பன்னிரண்டு மணிக்கு அங்கே தராசடியில் நிற்பவன் அதே கங்காணி.

அக்காவின் பழைய போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கும்.

"பயப்படாதீங்கம்மா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கும்," என்றார் வக்கீல். மடுவம் முழுக்கக் கேட்டது.

"தொந்தரவு குடுக்கிறது யாரு? பேரைக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் அவரவர் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தோம். கங்காணி நிறுக்கிறதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தான்.

"ஒரு பிரச்சினையும் இல்லீங்க மிஸ்," என்றார் அக்கா.

உடனே 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று திரையில் பச்சையாக வந்தது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டது.

கங்காணி எட்டிப் பார்த்தான்.

"அஞ்சும் போடு செல்வி. எவ்வளவு மரியாதையா பேசினாங்க."

அக்கா போட்டார்.

உங்கள் தோட்டத்தில் சிக்னல் யாருக்குப் பக்கத்தில் கிடைக்கிறது?