உப்பு போட்டது யார்?

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு, புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நடந்தது இது. தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. எல்லோரும் வீடு வாங்கிக்கொண்டு புதுக் குடியிருப்புகளான தாமான்களுக்குப் போய்விட்டோம். செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழா என்றால் அத்தனை பேரும் அங்கே வந்து நிற்போம். சமையலையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

பெரிய அண்டா ஒரு அக்காவின் பொறுப்பு. நான் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த காலத்திலிருந்தே அவர்தான் அதன் முன்னால் நிற்பார். பெரிய படிப்போ பதவியோ அவருக்கு இல்லை. ஆனால் அவர் கைப்பக்குவத்துக்கு ஒரு பெயர் இருந்தது. சுங்கை செம்பிலாங்கிலிருந்துகூடக் காதுகுத்து, வளைகாப்பு என்று அவரைத் தேடி வருவார்கள். எங்கள் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்குப் படைத்து முடிக்கும்வரை யாரும் சமையலை ருசி பார்க்கக் கூடாது. வாசனையை வைத்தும் கை அளவை வைத்தும்தான் எல்லாம். அப்படியிருந்தும் அவர் சாம்பார் ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

அந்த வருஷம் அவருடைய மருமகளும் அடுப்படிக்கு வந்திருந்தாள். புக்கிட் பெருந்துங் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண், காதல் கல்யாணம். அக்காவுக்கே அதில் முழு மனசு இல்லை என்பது ஊருக்குத் தெரியும். தன் அண்ணன் மகளை நினைத்து வைத்திருந்தவர் அவர். காய் நறுக்கும் இடத்திலும் பேச்சு அதுதான். "சோறாவது வடிக்கத் தெரியுமா லா அந்தப் பிள்ளைக்கு?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் காதில் விழுந்திருக்கும். தலை நிமிராமல் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மருமகள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் அக்கா சாம்பாருக்கு உப்பு போட்டுவிட்டு, சோறு வடிப்பதைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனார். உப்புச் சட்டி அடுப்பு ஓரத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ, "சாம்பாருக்கு உப்பு போட்டாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். மருமகள் சட்டியைப் பார்த்தாள், சுற்றும் முற்றும் பார்த்தாள், பிறகு அள்ளிப் போட்டாள். எதிரில் கோஸ் அரிந்துகொண்டிருந்த நான் இதைப் பார்த்தேன். மாமியார் சொல்லித்தான் போடுகிறாள் என்று நினைத்தேன். அக்கா திரும்பி வந்து காலியான சட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அதற்குள் படையலுக்கு முதல் வாளி போய்விட்டது; படைத்து முடியும்வரை ருசி பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை.

பூசை முடிந்த கையோடு முதல் பந்தி உட்கார்ந்தது. வந்திருந்த விருந்தாளிகளோடு கோயில் தலைவரும் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தவர் தண்ணீரைத் தேடினார். பக்கத்து இலைக்காரரும் தேடினார். அடுத்த நிமிஷம் தலைவர் எச்சில் கையோடு அடுப்படியில் நின்றார்.

"யாரு சாம்பாருக்கு உப்பு போட்டது? வாயில வெக்க முடியல."

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. "அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நாந்தான்," என்றார் அக்கா. "ஒரு தடவ போட்டத மறந்துட்டு மறுபடியும் போட்டுட்டேன்."

"நீங்களா? உங்களுக்கா மறந்துச்சு?"

"ஏன், எனக்கு மறக்கக் கூடாதா? வயசாவுதில்ல."

எனக்கு வாய் சும்மா இருக்காது. நியாயம் என்று பட்டால் மாமனார் முன்னாலேயே பேசுகிறவள் நான். அன்றும் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பூசணிக்காய வெட்டு." நான் வெட்டினேன். மருமகள் கையில் ஒரு கத்தியைத் திணித்து, என் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் கண்ணீர் பூசணிக்காய் மேலேயே விழுந்தது.

அதற்குப் பிறகு அக்காவிடம் எந்தத் தடுமாற்றமும் இல்லை. ரசத்துக்கு வேகவைத்த பருப்பை எடுத்துக் கொட்டினார். சாம்பாரில் பாதியை வேறு அண்டாவில் ஊற்றி, உப்பில்லாத பருப்பும் பூசணிக்காயும் சேர்த்துக் கொதிக்கவிட்டார். அதுவரை பாயாசத்தையும் வடையையும் பரிமாறச் சொன்னார். சாம்பார் கொஞ்சம் தாமதமாகும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தலைவர் கிளம்பினார். அக்கா விடவில்லை.

"ஏன்னும் சேத்துச் சொல்லுங்க. இல்லாட்டி பரிமாற்றவங்கள திட்டுவாங்க."

தலைவர் அப்படியே சொல்லிவிட்டார். அக்காவின் பெயரைச் சொல்லி, இரண்டு முறை உப்பு போட்டுவிட்டார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டதும், பந்தி முழுக்கச் சிரிப்பு.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்தால் அது லேசில் போகாது. எப்போதோ ஒரு தடவை மோட்டார் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்த மாமா ஒருவரை, சாகும்வரை சாக்கடைக்கு நாங்கள் சொல்லும் 'லோங்காங்' என்ற பெயரிலேயே கூப்பிட்டோம். பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பிலும் அந்தப் பெயரைச் சேர்த்துத்தான் போட்டார்கள். இல்லாவிட்டால் போனது யார் என்று பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. அன்று உண்மை வெளியே வந்திருந்தால், கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத அந்தப் பெண் என்ன பெயரோடு இந்த ஊரில் வாழ்ந்திருப்பாள் என்று சொல்லவே தேவையில்லை. அந்தப் பெயர் அன்று சாயங்காலமே அக்காவுக்கு வந்து சேர்ந்தது. 'உப்பு அக்கா.'

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வருஷம் கோயில் நிர்வாகம் சமையலை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டது. அக்காவுக்கு ஓய்வு வேண்டுமாம். விசேஷங்களுக்குத் தேடி வருகிறவர்களும் குறைந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவரோ வழக்கம்போல் விடியற்காலையிலேயே கோயிலுக்கு வந்து, எங்களோடு கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். பக்கத்தில் மருமகளும் உரித்தாள். வெளியாள் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். நன்றாக இல்லை.

அன்றுதான் அக்கா என்னிடம் தனியாக மாட்டினார். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? ஒங்களுக்கே அந்தப் பிள்ளைய அப்ப புடிக்காதே?"

"புடிக்கல, அதுக்கு?" என்றார். "நான் இந்த ஊர்ல பழம்பெருச்சாளி. எனக்கு என்ன பேரு வெச்சாலும் தாங்கும். அவ நேத்து வந்தவ. எங்க வீட்டு வாசப்படி மிதிச்சவள ஊரு சிரிக்க விட்டுட்டு, நான் நல்ல பேரோட உக்காந்திருந்தா அது என்னா பேரு?"

இதை எழுதலாமா என்று அந்த மருமகளிடமே கேட்டேன். "எழுதுங்க அக்கா, ஊருக்குத் தெரியட்டும். நான் எத்தன தடவ சொல்லப் போயிருக்கேன். அத்ததான் விட மாட்றாங்க," என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாசாரில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். மீன்கடைப் பக்கமிருந்து யாரோ, "உப்பு அக்கா" என்று கூப்பிட்டார்கள். "என்னா லா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார், பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான் என்பதைப் போல. பக்கத்தில் நின்ற மருமகள் சிரிக்கவில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்றுதான் நாமெல்லாம் காலம் முழுக்க ஓடுகிறோம். அடுத்தவளுக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒருவரைக் கண்ணால் பார்த்த பிறகு, மற்றவர்களுக்கு மரியாதையை நான் கொஞ்சம் சிக்கனமாகத்தான் கொடுக்கிறேன்.