நவாஸ் கூட்டுத்தாபனம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரண அறிவித்தலில் "பலாபத்வல நவாஸ்" என்றபோது நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றேன். எங்கள் ஊரில் நான்கு நவாஸ் இருக்கிறார்கள். மற்ற மூவரில் ஒருவராக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த மூவரும் என்னை மன்னிக்க வேண்டும். அடுத்ததாக, "கூடு செய்ற நவாஸ்" என்று வந்தது.

நவாஸ் நானா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கோழிக்கும் முயலுக்கும் தூக்கி நகர்த்தும் கூடு செய்வார். அடியில் பலகை கிடையாது. காலையில் ஒரு கூட்டு நீளம் நகர்த்தினால் கோழிக்குப் புதுப் புல். "நேத்து அழுக்குல இன்னைக்கும் நிக்கணும்னு கோழிக்கு என்ன தலையெழுத்தா?" என்பார். சில்லு வைக்கமாட்டார். எங்கள் சரிவில் சில்லு வைத்தால் கூடு தானாகவே பெரிய ரோட்டுக்கு இறங்கிவிடும். அதனால் நான்கு மூலையிலும் கைப்பிடிதான்.

அவருடைய பட்டறைக் கதவில் ஒருநாள், அரசாங்க நிறுவனம் மாதிரி, 'நவாஸ் கூட்டுத்தாபனம்' என்று சோக்கால் எழுதிவைத்தேன். வாசித்துவிட்டு, "தலைவருக்குக் கதிரை எங்க புள்ள?" என்று கேட்டார். அழிக்கவில்லை.

போன வருடம் தோட்டத்து லெச்சுமி அக்காவுக்கு நீளமான கூடு ஒன்று செய்தார். மேலே வளைந்த தகரம், உள்ளே அக்கா கேட்ட சேவல். நானாவும் மூன்று பேரும் லொறிவரை தோளில் தூக்கிப் போகத் தயாரானார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. "மழை வரும் நானா" என்று எங்கள் வீட்டுப் பழைய பச்சைத் திரைச்சீலையை மேலே போர்த்திக் கட்டினேன்.

ரோட்டில் தேத்தண்ணிக் கடையே எழுந்து நின்றது. ஹாஜியார் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். "யாரு மௌத்து? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

உள்ளேயிருந்து சேவல் பதில் சொன்னது.

"ஜனாஸாவ வெளையாட்டாக்கிட்டியா நவாஸ்?"

நானா திரும்பி, கேற்றடியில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். "மழைக்கு நாந்தான் போட்டேன் ஹாஜியார். மன்னிச்சிக்கங்க."

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியிலும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாராம். திரைச்சீலையை மடித்துத் திருப்பித் தந்தபோது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "புள்ள, மழை வரவே இல்லையே."

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒரு வருடத்தை நகர்த்திவிட்டேன்.

ஜனாஸா அன்று உம்மா யாசீன் ஓத உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை. குசினி, ஜன்னல், கொல்லை, மறுபடி ஜன்னல். நானாவைச் சுமந்து, பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கு வெளியே வந்தது. அதே ஹாஜியார்தான் முதலில் ஓடிவந்து தோள் கொடுத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவர் வீட்டுக் கொல்லையில் கோழிகள் நேற்றைய இடத்திலேயே நின்றன. உம்மாவைக் கூப்பிட்டு, இருவருமாகப் பிடித்து ஒரு கூட்டு நீளம் நகர்த்தினோம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காலை வேலையும் அவர் மடித்த மடிப்புக் கலையாத திரைச்சீலையும்தான்.

ஹாஜியார், நீங்களும் இதை வாசிப்பீர்கள். அன்று வானம் வெளுத்திருந்தது. துணியைப் போட்டது நான்.