அண்ணன் பேசின ரெகார்டிங்

காலைல ஏனாத்தூர் பஸ்ல போய்க்கினு இருந்தேன். எங்க அண்ணன் வாங்கின பர்சனல் லோனுக்காக, வசூல் பண்ற கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு.

"அவரு செத்து ஆறு மாசம் ஆவுதும்மா. இறப்புச் சான்றிதழ் மூணு தடவை அனுப்பிட்டேன்."

"இல்ல சார், நேத்து சாயந்திரம் நானே அவர்கிட்ட பேசினேன். தம்பி கட்டுவான்னு உங்க நம்பரைக் குடுத்தாரு."

எனக்குக் கோவம் வந்து கத்திட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துது. அந்தப் பொண்ணு பயந்துபோய், "ரெகார்டிங் இருக்குது சார்"னு போட்டுக் காட்டுச்சு.

"குட்டியக் கேளும்மா, கட்டிடுவான்." அண்ணன் குரலேதான், நடுவுல அவரோட அதே இருமல்.

என்னைக் குட்டின்னு கூப்பிட்டது உலகத்துலயே அவர் ஒருத்தர்தான். அவர் சிம்மை ரத்து பண்ணதும் நான்தான்.

"இன்னொரு தடவை போடும்மா"ன்னேன். மூணு தடவை கேட்டேன். நாலாவது தடவை போடச் சொன்னதும், "சார், எனக்கே ஒரு மாதிரி இருக்குது"ன்னு சொல்லி போனை வெச்சிடுச்சு.

வக்கீல் நண்பர்கிட்ட சொன்னேன். நுகர்வோர் கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம்ங்கறாரு.

நஷ்டஈடு வேணாம், அந்த ரெகார்டிங்கை மட்டும் குடுங்கன்னு மனு போட முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்கபா.